குழவி என்னும் சொல்

(ஜமுனாமரத்தூரில் நம் சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தகைய அவைகளிற் பேசுவோர் பெரும் பொருள்களை எடுத்துப் பேசுதல் வழக்கம். யாமோ ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொண்டோம். பால்குடி மறவாத இளமைக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் ஒன்றாகிய ‘குழவி’ என்பதே அச்சொல். மூன்றே எழுத்துடைய ஒரு சொல்லைப் பற்றிப் பேசுதற்கு என்ன உளது என்று சிலர் எண்ணலாம். தமிழாசிரியர்க்குச் சொல்லாராய்ச்சி தொழில். ஆயினும் அத்தொழிலின்பத்துக்காக மட்டும் யாம் இங்கு நிற்கின்றோம் அல்லோம். இச்சொல்லின் பொருளை நன்கு அறிந்தால், நம் வீட்டுத் தூளியிற் கிடக்கும் உயிர்க்கு நாம் பட்டுள்ள கடன் எவ்வளவு என்பது புலப்படும். அக்கடனை ஒரு தாய் மட்டும் தனித்து நின்று தீர்த்தல் இயலாது என்பதும் உடன் புலப்படும். ஆதலின் இதனைச் சங்கத்தின்முன் வைக்கத் துணிந்தோம்.

முதலிற் சொல்லின் பிறப்பைக் காண்போம். ‘மழ’ என்றும் ‘குழ’ என்றும் இரண்டு உரிச்சொற்கள் உள்ளன. இவ்விரண்டும் இளமைப் பொருள் தருவன என்று தொல்காப்பியர் உரியியலில் விதித்தார். ‘மழ’ என்பதிலிருந்து மழலை பிறந்தது. ‘குழ’ என்பதிலிருந்து குழவி, குழந்தை, குழகன் முதலியன பிறந்தன. இன்று நாம் நாள்தோறும் வழங்கும் ‘குழந்தை’க்குக் ‘குழவி’ உடன்பிறந்த சொல்லாகும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், கைக்குழந்தை, சில விலங்குகளின் இளமை, மரஞ்செடிகளின் இளமை, அரைக்கும் கல் எனப் பல பொருள்கள் இச்சொல்லுக்குக் காணப்படும்.

ஈண்டு மாணாக்கர்க்கு ஒரு சொல். கொட்டுகின்ற பூச்சிக்குப் பெயர் குளவி. அது பொது ளகரம் பெறும். குழந்தைக்குப் பெயர் குழவி. அது சிறப்பு ழகரம் பெறும். நாவைத் திருத்தாமல் இவ்விரண்டையும் ஒன்றாக ஒலிப்போர் தொட்டிலிலே குளவியைக் கிடத்தியவர் ஆவர்! சிரித்து மறந்துவிடாமல் வீட்டிற் பிள்ளைகளைப் பலகாற் சொல்லிப் பழகச் செய்க.

அரைக்கும் கல்லுக்கும் இப்பெயர் எவ்வாறு வந்தது என்று தாய்மார்கள் கேட்கலாம். அம்மி அசையாது கிடக்கும். அதன்மேல் உருள்வது குழவி. ஆட்டுக்கல் நிலைத்திருக்கும்; அதன் குழியிற் சுழல்வது குழவி. பெரிய கல்லின் மடியில் அமர்ந்து புரளும் சிறிய கல்லைக் குழந்தையாகக் கண்ட கண்கள் நம் பாட்டிமார்களுடைய கண்கள். சில குடும்பங்களில் தொட்டிலிடும் நாளன்று குழவிக்கல்லுக்குத் துணி சுற்றிக் குழந்தைபோல் எடுத்துத் தொட்டிலில் இடும் சடங்கும் உண்டு. மடியை விட்டு நீங்கினால் தனக்கென்று தொழில் இல்லாதது குழவி. இக்கருத்தை நினைவில் இருத்திக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல். அவ்வியலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் இளமைப் பெயர்களை எடுத்துக்கொள்கின்றார். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என அவை ஒன்பது. எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் உரியது என்று வரையறுத்துக் கூறுகின்றார். பறப்பனவற்றின் இளமை பார்ப்பு, பிள்ளை எனப்படும். ஊர்வனவற்றுக்கும் அவையே. கீரி, காட்டுப்பூனை, எலி, அணில் ஆகிய நான்கும் குட்டி என்னும் பெயர்க்கு உரியன. அவற்றைப் பறழ் என்றலும் உண்டு. நாய், பன்றி, புலி, முயல், நரி என்பவற்றின் இளமை குருளை. ஆடும் மானினங்களும் மறி என்னும் பெயர் பெறும். யானையும் குதிரையும் கழுதையும் எருமையும் கன்று எனப்படும்; பசுவின் கன்று உலகறிந்தது.

மரஞ்செடிகளையும் ஆசிரியர் விடவில்லை. ஓரறிவுயிர்க்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்களை இசைவித்தார். தென்னம்பிள்ளை, வாழைக்கன்று, பலாக்கன்று என்று நாம் கூறுவது அம்மரபே. நெல்லுக்கும் புல்லினத்துக்கும் மட்டும் இப்பெயர்கள் ஆகா என்று விலக்கினார். ஆதலின் நெற்கன்று என்பார் இலர். நெல்லுக்கு உரியது நாற்று. நம் மலையில் விளையும் சாமையும் புல்லினத்தைச் சேர்ந்ததே. சாமைக்கன்று என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. எழுத்தறியாத உழவர் நாவிலும் இலக்கணம் இவ்வாறு குடியிருக்கின்றது.

இவற்றுள் குழவி என்னும் பெயர் யார்யார்க்கு உரியது? யானைக்கு அப்பெயரைத் தனியே எடுத்து வழங்கினார். பின்னர்ப் பசுவுக்கும் எருமைக்கும் உரியது என்றார். கடமை, மரை என்னும் காட்டு விலங்குகளுக்கும் உரியது என்றார். குரங்கு, முசு, ஊகம் என்னும் குரங்கினம் மூன்றுக்கும் உரியது என்றார். இறுதியில் மக்களுக்குக் குழவி, மகவு என்னும் இரண்டு பெயர்களே உரியன. ஏனையவை உரியன அல்ல என்று முடித்தார்.

இவ்வாறு பகுத்தற்குக் காரணம் யாது என்று நூலாசிரியர் கூறிற்றிலர். ஆயினும் பட்டியலை நோக்குமிடத்து நமக்கு ஒன்று தோன்றுகின்றது. குருளை எனப்படும் நாயும் பன்றியும் புலியும் முயலும் நரியும் ஓர் ஈற்றிற் பல குட்டிகளை ஈனுவன. குட்டி எனப்படும் எலியும் அணிலும் கீரியும் பூனையினமும் அத்தகையனவே. குழவி எனப்படும் யானையும் பசுவும் எருமையும் குரங்கும் பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒன்றே ஈனுவன. அவ்வொன்றை நெடுநாள் பாலூட்டி வளர்ப்பன. காட்டு யானை தன் கன்றுக்கு இரண்டாண்டுக்கு மேலும் பாலூட்டும் என்பர் விலங்கு நூலார். குரங்கு தன் குழவியை வயிற்றோடு அணைத்துக்கொண்டே மரம் தாவும். மாந்தர் குலமும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. பன்றியின் மடியிற் பத்துக் குட்டிகள் முட்டி மோதித் தத்தம் பங்கைத் தேடிக்கொள்ளும். குழவிக்கோ மடி ஒன்று, அதற்கு உரிய உயிரும் ஒன்று, காலமும் நெடிது. ஆகவே குழவி என்பது வயதை மட்டும் குறிக்கும் பெயர் அன்று. ஒருவர் கையை முற்றும் சார்ந்திருக்கும் நிலையைக் குறிக்கும் பெயர் என்று யாம் கொள்கின்றோம்.

மக்கட்கு உரிய அவ்விரண்டு பெயர்களும் சான்றோர் செய்யுட்களில் வரும் இடங்களைக் காண்மின். சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில் இருந்து பாடிய பாட்டுப் புறநானூற்றில் 74ஆம் பாட்டாக உள்ளது. மறக்குடியிற் குழவி இறந்து பிறந்தாலும், உருவமற்ற தசைத்திரளாகவே பிறந்தாலும், அதனையும் ஓர் ஆள் என்றே கருதி வாளாற் கீறி அடக்கம் செய்வர் என்கின்றான் அம்மன்னன். அவ்வழக்கம் இன்று நமக்கு வேண்டுவதன்று. ஆயினும் மூச்சுவிடாத குழவியும் ஆள் என்று எண்ணப்பட்டதை நாம் நோக்கவேண்டும். ஊர்க்கணக்கில் அதற்கும் ஓர் இடம் இருந்தது.

மற்றொன்று 164ஆம் பாட்டு. பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர் குமணனைக் கண்டு தம் வறுமையைச் சொல்கின்றார். அடுப்பிற் காளான் பூத்திருக்கின்றது. உண்ணாமையாற் பால் வற்றிய மார்பைச் சுவைத்துச் சுவைத்துப் பார்த்து மகவு அழுகின்றது. தாய் அதன் முகத்தைப் பார்க்கின்றாள்; புலவர் அவள் முகத்தைப் பார்க்கின்றார்; பின்னர் வள்ளலைத் தேடிப் புறப்படுகின்றார். மகவின் பசி தாயின் பசியிலிருந்து பிறக்கின்றது. தாயின் பசி வீட்டின் வறுமையிலிருந்து பிறக்கின்றது. மருத்துவர் இன்று விரித்துக் கூறுவதை அப்பாட்டு அன்றே நிரல்பட வைத்தது.

நம் மலைக்கு அணித்தான ஒரு நூலையும் இங்கு நினைத்தல் தகும். பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. செங்கண்மாத்து வேள் நன்னன்மேற் பாடப்பெற்றது. செங்கண்மா என்பது ஜவ்வாது மலையின் அடிவாரத்தை அடுத்துள்ள இன்றைய செங்கம். அந்நூலில் வரும் சேயாறு, நம் மலையில் தோன்றிக் கீழ்நோக்கி ஓடும் செய்யாறே. சேய் என்பதும் குழந்தையைக் குறிக்கும் சொல் என்பதை அறிவீர்கள்.

மலையில் எழும் ஓசைகளைப் புலவர் பெருங்கௌசிகனார் அந்நூலில் அடுக்கிச் சொல்கின்றார். அவற்றுள் இரண்டு ஓசைகள் குழவிகளைப் பற்றியன. ஒன்று யானையின் முழக்கம். கன்றையுடைய பிடி, புலி பாய்ந்தமையால் தன் கிளையோடு கூடி இடிபோல் முழங்குகின்றது. மற்றொன்று மந்தியின் அழுகை. கையிற் பற்றியிருக்க வேண்டியதை ஒரு கணம் மறந்தது ஒரு மந்தி. மரமேறிப் பழகாத அதன் பார்ப்பு ஆழ்ந்த பிளவில் விழுந்துவிட்டது. தாய் மட்டும் அழவில்லை. தளிர் மேயும் கிளை முழுதும் கூடி ஆற்றமுடியாத பூசல் இடுகின்றது. யானைக்குக் கன்று, குரங்குக்குப் பார்ப்பு என்று மரபு பிறழாமற் புலவர் கூறியிருப்பதைத் தமிழ் பயில்வோர் கண்டு மகிழ்க. நம் சங்கத்தாரோ அவ்விரண்டிடத்தும் வருகின்ற ‘கிளை’ என்னும் சொல்லை நோக்குக. கிளை என்பது சுற்றம். ஒரு குழவிக்கு ஏதம் வந்தால் அது ஒரு தாயின் துயரம் அன்று, கிளையின் துயரம். விலங்குக்கே அது முறையாயின், கிளையாகக் கூடிச் சங்கம் அமைத்திருக்கும் நமக்கு முறை யாது?

காலம் செல்லச்செல்லக் குழவி என்னும் சொல் வீட்டு வழக்கிலிருந்து நூல் வழக்குக்கு ஒதுங்கிற்று. அதன் இடத்திற் பிள்ளை வந்தமர்ந்தது. குழவியைப் பாடுதல் பாடாண் திணையில் அடங்கும் என்று தொல்காப்பியர் புறத்திணையியலில் விதித்தார். அவ்விதியின் வழியில் எழுந்த நூல்வகைக்குப் பிற்காலத்தார் இட்ட பெயரோ பிள்ளைத்தமிழ். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனுக்கும், 17ஆம் நூற்றாண்டிற் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்கும் பிள்ளைத்தமிழ் பாடினர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி முதலாகப் பத்துப் பருவங்கள் இவ்வகை நூலுக்கு உண்டு. மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்களில் இப்பருவங்களைப் பாடவேண்டும் என்று பாட்டியல் நூல் கூறும். எண்ணிப் பார்ப்பீராயின் மிகச் சரியாகப் பத்து வரும். இருபத்தொரு திங்கள் என்பது இரண்டாண்டுக்குச் சற்றே குறைவு. குழந்தைக்கு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தருக என்று உலக சுகாதார நிறுவனம் இன்று கூறுகின்றது. புலவர் பாடிய காலமும் மருத்துவர் குறிக்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. பாலுண்ணும் பருவமே பாடுதற்குரிய பருவமாகவும் இருந்தது போலும்.

பிற மொழிகளையும் சிறிது நோக்குவோம். வடமொழியில் ஸ்தநந்தயம் என்னும் சொல் முலைப்பால் உண்பது என்னும் பொருளது. ஆங்கிலத்திற் கைக்குழந்தைக்கு வழங்கும் இன்பன்ட் என்னும் சொல், பேசாதது என்று பொருள்படும் இலத்தீன் மூலத்திலிருந்து வந்தது. நம் இனமொழியாகிய கன்னடத்தில் மறி என்னும் பழஞ்சொல் ‘மரி’யாக நின்று விலங்கின் குட்டியைப் பொதுவிற் குறிக்கின்றது. மலையாளத்திற் குட்டி என்பது மனிதக் குழந்தையையே குறிக்கும். அங்கே அது வசையன்று, அன்பு மொழியே. ஆதலாற் சொற்கள் இடம் மாறுதல் உலகியல்பு. அதற்காக நாம் வருந்த வேண்டுவதில்லை. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் என்னும் அறிஞர் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூற்பதிப்பில், மாந்தரையும் திமிங்கிலத்தையும் வௌவாலையும் ஓரினமாக்கி, அவ்வினம் முழுவதற்கும் தாயின் மார்பைக் கொண்டே பெயரிட்டார். நாம் அதனைப் பாலூட்டி என்கின்றோம். நம் குலப்பெயர்கள் எல்லாவற்றுக்கும் முன்னதாக நமக்கு வாய்த்த இனப்பெயர் அதுவே.

பாலை நிறுத்துதற்குத் தமிழில் வழங்கும் சொல்லும் அழகியது. பால்குடி மறத்தல் என்கின்றோம். மறத்தல் என்பது தானாக, மெல்ல நிகழ்வது. குழவி பிறவுணவிற் பழகி, ஓடியாடிப் பாலை மறக்கின்றது. நம் இல்லங்களில் வேப்பெண்ணெயைத் தடவி ஒரே நாளில் விடுவிக்கும் வழக்கமும் உளது. அதனை மறக்கடித்தல் என்று சொல்கின்றோம். மறத்தலுக்கும் மறக்கடித்தலுக்கும் இடையில் உள்ள சில எழுத்து வேறுபாடு, குழவிக்குப் பெரிய வேறுபாடு. அடுத்த மகவு வயிற்றில் உண்டாகிவிட்டது என்றோ, களைவெடுக்கும் நாள் வந்துவிட்டது என்றோ ஓராண்டும் நிரம்பாத குழவியை மறக்கடிப்பது மரபும் அன்று, மருத்துவமும் அன்று. ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுக்கும் இடையே இரண்டாண்டேனும் செல்லவேண்டும் என்று மருத்துவர் கூறுவதன் கருத்தும் இதுவே.

இனிச் சொல்லை விட்டுச் செயலுக்கு வருகின்றோம்.

முதலாவது, பிறந்தவுடன் தருவது. பேறு நிகழ்ந்த ஒரு மணி நேரத்துக்குள் குழவியை மார்பில் அணைத்தல் வேண்டும். முதலிற் சுரக்கும் பால் மஞ்சள் நிறமாய்த் தடித்திருக்கும், அது சீம்பால். கெட்டபால் என்று அதனைப் பீய்ச்சி எறியும் பெரியவர்கள் இன்றும் சிலர் உளர். பசு ஈன்றால் சீம்பாலைக் காய்ச்சி ஆவலோடு உண்கின்றோம்; கன்றுக்கும் அது வேண்டும் என்று அறிந்திருக்கின்றோம். நம் குழவிக்கு மட்டும் அதனை மறுத்தல் என்ன முறை? நோயைத் தடுக்கும் ஆற்றல் அச்சிறு அளவிலேயே செறிந்திருக்கின்றது.

இரண்டாவது, சேனை வைத்தல். நல்ல குணமுடைய பெரியவர் ஒருவர் தேனோ சர்க்கரை நீரோ நாவில் தொட்டு வைத்தால் அவர் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பி வந்தோம். ஜவ்வாது மலையில் தேனுக்குக் குறைவில்லை. நம் மலைத்தேன் என்று சொல்லிப் பெருமையும் கொள்கின்றோம். ஆயினும் ஓராண்டு நிரம்பாத குழவியின் நாவில் அத்தேனை ஒரு துளியும் வைத்தலாகாது. பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் தேனில் இருத்தல் கூடும். பெரியவர் வயிற்றில் அவை முளைப்பதில்லை. பச்சிளங்குழவியின் குடலில் முளைத்து, நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்யும். இந்நோய் 1976ஆம் ஆண்டில் மருத்துவ உலகத்தால் அறிந்துகொள்ளப்பட்டது. நம் பாட்டனார் இதனை அறியார். அவர்மேற் குற்றம் இல்லை. அறிந்த நாம் செய்தல் குற்றம். பெரியவரின் வாழ்த்து வாய்ச்சொல்லாகவே இருக்கட்டும்.

மூன்றாவது, ஆறு திங்கள் வரை தாய்ப்பால் ஒன்றே போதும்; கோடையிலும் தண்ணீர் வேண்டுவதில்லை. ஓராண்டுக்குள் பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தருதல் தகாது. பசுவின் பால் பசுங்கன்றுக்கென்று அமைந்தது; அதில் இரும்புச்சத்துக் குறைவு; குழவியின் சிறுநீரகம் தாங்குதற்கு அரிய உப்புகளும் புரதமும் மிகுதி. தண்ணீர் கலந்தால் அக்குறை தீர்வதில்லை. ஊட்டம் குறைந்து, தண்ணீர்வழி நோயும் சேரும். மாவுப்பால் விற்போர் பெருகிய காலத்தில், உலக சுகாதாரப் பேரவை 1981ஆம் ஆண்டில் அவ்வாணிகத்துக்கு நெறிமுறை வகுத்தது. இந்திய அரசு 1992ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றிக் குழந்தைப் பால்மாவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்தலைத் தடுத்தது. தாய்க்கு நோயுற்ற விடத்து மருத்துவர் சொற்படி நடக்க. மற்றவிடத்து அண்டை வீட்டார் சொல்லும் மாவு நமக்கு வேண்டா. ஆறு திங்கள் நிரம்பியபின் குழைந்த சோறு, பருப்பு, கீரை முதலியவற்றைத் தாய்ப்பாலோடு சேர்த்துத் தருக.

நான்காவதே யாம் மிகவும் அழுத்திக் கூற விரும்புவது. மேற்கூறியவை யாவும் தாய்மார்கட்குச் செவிலியர் சொல்லித் தெரிந்தவையே. தெரிந்தும் ஏன் நடைபெறவில்லை? தாய் சோம்பியிருந்தாளா? இல்லை. அவள் காட்டு வேலைக்குப் போகின்றாள்; கூலிக்குச் சமவெளி இறங்குகின்றாள். குழவியை யாரிடம் விட்டுப் போகின்றாள்? மூத்த பெண்ணிடம். அம்மூத்த பெண்ணுக்கு வயது எட்டு அல்லது ஒன்பது. யாம் பள்ளியில் வருகைப்பதிவை அழைக்கும்போது, விடை வாராத பெயர்களுள் இத்தகைய சிறுமியர் பெயர் பல. சிலர் தம்பியை இடுப்பிற் சுமந்துகொண்டே வகுப்புக்கு வருவதும் உண்டு. அவன் அழுதால் அவள் எழுந்து வெளியே செல்கின்றாள். அன்றைய பாடம் அவளோடு வெளியே சென்றுவிடுகின்றது. பாலிழந்த குழவி ஒன்று. படிப்பிழந்த சிறுமி ஒருத்தி. ஒரு வீட்டில் இரண்டு இழப்பு. அச்சிறுமியும் நேற்றுவரை குழவியே அன்றோ?

ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வி உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் அங்கன்வாடிகள் எழுந்தன. அவற்றாற் பெரும்பயன் விளைந்தது. ஆயினும் அவை பகலில் வைத்துப் பேணுவது பெரும்பாலும் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளையே. ஆறு திங்கள் முதல் இரண்டு வயது வரை உள்ள குழவியைப் பகற்பொழுதில் யார் ஏந்துவது? 2017ஆம் ஆண்டில் திருத்திய மகப்பேற்று நலச் சட்டம் இருபத்தாறு வார விடுப்பு அளித்தது; அது நிறுவனங்களிற் பணி செய்வார்க்குப் பயன்பட்டது; கூலிக்குக் களையெடுப்பாளை எட்டவில்லை. ஊரக வேலைக்காக 2005ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஒரு நல்ல விதியை வைத்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு உடன் வந்தால், அங்குள்ள பெண்களில் ஒருவரைக் குழந்தை பார்க்க அமர்த்தி, அவர்க்கும் கூலி தரவேண்டும் என்பது அவ்விதி. குழவியைப் பார்த்தலும் ஒரு வேலை. அதற்கும் கூலி உண்டு என்று ஏட்டில் ஏறியது பெரிய செய்தி.

அவ்விதியின் கருத்தை நம் சங்கம் தன் அளவில் மேற்கொள்ளுதல் கூடும். யாம் வேண்டுவது பெருஞ்செலவுடையது அன்று. ஒவ்வோர் ஊரிலும் பாலூட்டும் தாய்மார் எத்தனைபேர் என்று உறுப்பினர் கணக்கெடுக்க. விதைப்பு, களை, அறுவடை ஆகிய நெருக்கடி நாட்களில், வேலை செய்யும் இடத்துக்கு அருகே ஒரு நிழலில், அனுபவமுடைய மூதாட்டி ஒருவரை அமர்த்திக் குழவிகளை ஒருங்கே பார்க்கச் செய்க. தாய் இடையிடையே வந்து பாலூட்டிச் செல்லட்டும். அம்மூதாட்டிக்கு ஒருநாட் கூலியைச் சங்கநிதியிலிருந்தும் நிலமுடையோரிடமிருந்தும் பகிர்ந்து தருக. இலவசமாகச் செய்க என்று அவரை வேண்டாதிருப்போமாக. இலவசமாகக் கிடைப்பதை உலகம் வேலை என்று மதிப்பதில்லை. பாலூட்டும் தாயின் கலத்தில் வீட்டார் முதலிற் சோறிடுக. கடைசியில் எஞ்சியதை அவள் உண்பாளாயின் சாத்தனார் பாடிய அடுப்பு நம் வீட்டிலும் உளது என்றே பொருள்.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். ‘எம் தாய் பத்துப் பெற்றாள், வயலிற் பெற்று மறுநாள் வேலைக்குப் போனாள், நாங்கள் வளரவில்லையா?’ என்று முதியவர் சிலர் கேட்பர். வளர்ந்தவர் வந்து கேட்கின்றனர். வளராமற் போனவர் வந்து கேட்பதற்கில்லை. பத்துப் பெற்ற அத்தாயிடம் எத்தனை எஞ்சின என்று கேட்டிருந்தால், அவள் விரல்விட்டு எண்ணும்போது குரல் தாழ்ந்திருக்கும். அக்குரலையும் நாம் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இறந்து பிறந்ததனையும் ஆள் என்று எண்ணிய மரபு நம்முடையது என்று முன்னரே கண்டோம்.

சங்க இலக்கியத்திற் பெற்றவளை நற்றாய் என்றும், வளர்ப்பவளைச் செவிலித்தாய் என்றும் இரு தாயர் கூறப்படுவர். மருத்துவமனையிற் பணி செய்யும் மகளிர்க்கு அப்பழம்பெயரையே செவிலியர் என்று இன்று வழங்குகின்றோம். குழவிக்கு ஒரு தாய் போதாள் என்பதை நம் மொழி தொன்றுதொட்டு அறிந்திருக்கின்றது. நிழலில் அமர்ந்து பிறர் குழவியை ஏந்தும் மூதாட்டி செவிலித்தாய். அவளுக்குக் கூலியிடும் சங்கமும் செவிலித்தாயே.

ஆகவே அன்பர்களே! குழவி என்பது மடியை விட்டு நீங்கினால் தனக்கென்று ஒன்றும் இல்லாத உயிர். அதன் பெயரிலேயே நம் கடமை எழுதப்பட்டுள்ளது. அடுத்த சாமை விதைப்புக்கு முன்னர், மூன்று ஊர்களிலேனும் இம்முயற்சியைத் தொடங்குதற்குச் சங்கம் இன்றே தீர்மானம் செய்யுமாறு வேண்டுகின்றோம். பெயர்களைக் குறித்துக்கொள்ளும் ஏட்டை எடுத்துவர மாணாக்கர் இருவர் இசைந்துள்ளனர். கூட்டம் கலையுமுன், தம் வீட்டிற் பால்குடி மறவாத குழவி உடைய தாய்மார்கள் அவர்களிடம் பெயர் தருக. அப்பகற்பொழுதுகளில் குழவிகளை ஏந்துதற்கு இசையும் மூதாட்டியரும் பெயர் தருக.